அக்கரை கவர்னரின் வியாழக்கிழமை

வின்ஸ்லி துறை
14 ஜூன் 1847

தம்பி ஜோத்தமுக்கு, உன் அண்ணன் ஓபெட் எழுதுவது.

இங்கே நான், குதிரை, ஆறு மூன்று பேரும் சுகம். குதிரைக்கு மட்டும் லேசாக இருமல். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? கவர்னர் நாற்காலிக்கு மெத்தை போட்டார்களா, இல்லை போன வருஷத்துப் பலகைதானா?

உன் தேர்தலுக்கு அச்சடித்த தாள் இந்த வாரத் தபால் வண்டியில் வந்தது. உன் வாழ்க்கை வரலாறாம். நான் இரண்டு குளிர்காலம் மட்டும் பள்ளிக்கூடம் போனவன். எழுத்துக் கூட்டி வாசித்து முடிக்க ஒரு மத்தியானம் ஆனது. தோல் பதனிடும் கொட்டகையில் வேலை பார்த்தாய் என்று இருக்கிறது, உண்மை. நாற்றம் தாங்காமல் ஒன்பதாம் நாளே ஓடி வந்ததை விட்டுவிட்டார்கள். நம் ஊர்ப் பட்டாளத்துக்குக் கர்னலாக இருந்தாய் என்பதும் உண்மை. அணிவகுப்பில் வாடகைக் குதிரை உன்னைக் குட்டையில் இறக்கிவிட்டுத் தனியாக வீடு போய்ச் சேர்ந்ததை எழுத இடம் போதவில்லை போலிருக்கிறது.

இதெல்லாம் போகட்டும். ‘ஓடக்காரர் மகனாகப் பிறந்து, இளம் வயதில் தன் கையால் துடுப்புப் போட்டு மக்களை அக்கரை சேர்த்தவர்’ என்று ஒரு வரி வருகிறது பார், அங்கே நான் சிரித்த சிரிப்பில் ஓடத்தில் நின்ற பசு மிரண்டு தண்ணீரில் குதிக்கப் பார்த்தது. ஓடத்தில் கால் வைத்தாலே வாந்தி எடுக்கிறவன் நீ. நீ துடுப்பைத் தொட்டு நான் பார்த்ததில்லை. ஆறும் பார்த்ததில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நான் கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறேன். அறுபத்தாறு வயதிலா என்று கேட்காதே, அந்தக் கேள்வியை ஊரே கேட்டு முடித்துவிட்டது. பெண் டாம்சின். பாதி சரி என்று சொல்லியிருக்கிறாள். மீதிப் பாதி உன் கையில் இருக்கிறதாம். எப்படி என்று தெரிய வேண்டுமானால் கேட்டு எழுது. தபால் வண்டிக்காரன் கொம்பு ஊதுகிறான்.

சொந்தக் கையால் துடுப்புப் போடும்,
ஓபெட்

*

ஆளுநர் அலுவலகம், தலைநகர்
30 ஜூன் 1847

மதிப்புக்குரிய திரு. ஓபெட் வின்ஸ்லி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. மேதகு ஆளுநர் அவர்கள் பூரண நலத்துடன் இருக்கிறார்கள். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமுடன் இருக்க இறைவனை வேண்டுகிறார்கள். தாங்கள் குறிப்பிட்ட பொருள் உரிய காலத்தில் கவனிக்கப்படும்.

இங்ஙனம்,
எல். பெல், செயலர்

(அடியில் வேறு கையெழுத்தில்) அண்ணா, எந்த டாம்சின்? கையில் என்றால் எந்த வகையில்? ஜோ.

*

வின்ஸ்லி துறை
12 ஜூலை 1847

மேதகு தம்பிக்கு,

உன் செயலர் என் குடும்பத்தாரின் நலம் கேட்டிருந்தார். குதிரையின் இருமல் நின்றுவிட்டது என்று அவரிடம் சொல். பாவம், கவலைப்படுவார்.

எந்த டாம்சின் என்றா கேட்கிறாய்? இந்த ஊரில் எத்தனை டாம்சின்? ஆலைக்காரன் ஃபாரோ செத்து மூன்று வருஷமாகிறது, அவன் விதவை டாம்சின். அதற்கு முன்னால் அவள் யார் என்று நான் எழுதினால் என் மை வீண். நீ வாத்தியாராக இருந்த குளிர்காலம் முழுக்கச் சாப்பிட்டுத் தூங்கியது அவள் அப்பா வீட்டில்தானே.

கதை இப்படி. அவள் மகன் லீலண்ட் மேற்கே வெகுதொலைவில் இல்லினாயில் நிலம் வாங்கியிருக்கிறான். அம்மாவை அழைத்துப்போக வருகிறான். கால்வாய் உறைவதற்கு முன்னால் போகும் கடைசிப் படகு, நவம்பர் 22, திங்கட்கிழமை. அதில் ஏறினால் அப்புறம் அவளை இந்தப் பிறவியில் பார்க்க மாட்டேன். வாசலில் ஒரு பெரிய மரப்பெட்டி வாங்கி வைத்துவிட்டாள். இப்போதைக்குக் காலி. தினமும் அந்தப் பக்கம் போய் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு வருகிறேன்.

போகாதே, என்னைக் கட்டிக்கொள் என்றேன். ஒரு நிபந்தனை போட்டாள். கல்யாணம் நன்றி நாளில்தான், அறுவடைக்குக் கடவுளுக்கு நன்றி சொல்லி வீடு கூடிச் சாப்பிடும் அந்த வியாழக்கிழமையில்தான், நடக்க வேண்டுமாம். ஊரில் பாதிக் கல்யாணம் அன்றுதான் நடக்கிறது, அது சரி. ஆனால் படகு போவதற்குள் நன்றி நாள் வந்தால் கல்யாணம், வராவிட்டால் இல்லினாய். மற்ற வியாழக்கிழமையில் கட்டினால் கல்யாணம் நிலைக்காதா என்ற மாதிரி நான் எவ்வளவோ வாதாடிப் பார்த்தேன். கேட்கவில்லை.

“நன்றி நாளக் குறிக்கிறது யாரு? உங்க தம்பிதானே. எழுதிக் கேளுங்க கிழவரே. அவர் என்ன பண்றார்னு பார்ப்போம்” என்றாள்.

வருஷா வருஷம் உன் மனதில் பட்ட ஒரு வியாழனை எடுத்துப் பிரகடனம் போடுகிறாய். அக்கரை வேறு மாநிலம், அந்த கவர்னர் அவர் இஷ்டத்துக்கு வேறொரு வியாழனைப் போடுகிறார். ஆற்றங்கரைக்காரர்கள் நாங்கள் இரண்டு பக்கமும் சொந்தம் வைத்துக்கொண்டு இரண்டு தடவை வான்கோழி தின்கிறோம். ஆக, நாளில் ஒன்றும் புனிதம் இல்லை, உன் பேனா எங்கே நிற்கிறதோ அதுதான் நாள். இந்த வருஷம் நவம்பர் 18 வியாழனில் நிறுத்து. அவ்வளவுதான் கேட்கிறேன். நீ கவர்னரானதில் எனக்கு இதுவரை ஒரு முள்ளங்கி கூடக் கிடைத்ததில்லை.

உட்கார முடியாமல் அலையும்,
ஓபெட்

*

தலைநகர்
9 ஆகஸ்ட் 1847

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமாக இருக்கிறேன். முதுகுவலி அப்படியே. உங்கள் மூட்டுக்கு உப்பு ஒத்தடம் கொடுக்கிறீர்களா? இந்தக் கடிதத்தைச் செயலரிடம் கொடுக்காமல் நானே எழுதுகிறேன்.

நீங்கள் நினைப்பதுபோல் அது என் இஷ்டம் மட்டும் அல்ல. நம் மாநிலத்தில் நன்றி நாள் டிசம்பர் முதல் வியாழன் என்பது நெடுநாள் வழக்கம். செப்டம்பரில் தேர்தல். இந்த முறை மூன்று பேர் நிற்கிறோம். யாருக்கும் பாதிக்கு மேல் வாக்குக் கிடைக்காது போலிருக்கிறது. அப்படியானால் அக்டோபரில் சட்டசபை கூடித் தேர்ந்தெடுக்கும். எதிர்க்கட்சிப் பத்திரிகை நான் தும்மினாலும் அச்சில் போடுகிறது. அண்ணன் கல்யாணத்துக்காக மாநிலத்தின் பண்டிகையை இழுத்து முன்னால் வைத்தார் என்று அவர்கள் எழுதினால் நான் என்ன பதில் சொல்வேன்?

யோசிக்கிறேன். அவசரப்படுத்தாதீர்கள்.

திருமதி ஃபாரோ நலமா? அவர்கள் அப்பா வீட்டு வாசலில் ஒரு லைலாக் செடி இருந்தது. இப்போதும் இருக்கிறதா?

உங்கள்,
ஜோத்தம்

*

வின்ஸ்லி துறை
6 செப்டம்பர் 1847

தம்பிக்கு,

சுகம். மூட்டு உப்புக்கும் கேட்கவில்லை, பிரசங்கத்துக்கும் கேட்கவில்லை.

லைலாக் செடியைப் பற்றிக் கேட்டிருந்தாய். மாநிலமே உன் தலையில் இருக்கும்போது ஒரு செடி ஞாபகம் வந்ததே என்று எனக்கு ஆச்சரியம். நேரே போய் டாம்சினிடம், கவர்னர் உன் அப்பா வீட்டு லைலாக்கின் உடல்நலம் விசாரிக்கிறார் என்றேன். சும்மா கிண்டலுக்குத்தான் சொன்னேன். ஆப்பிளைச் சீவி நூலில் கோத்துக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது. சீவிய ஆப்பிள் கையிலேயே முழுதாகக் கறுத்தது.

அப்புறம் சொன்னாள். நீ அவள் வீட்டை விட்டுச் சட்டம் படிக்கப் போன வருஷம், நன்றி நாளுக்கு வருகிறேன், வந்து உன் அப்பாவிடம் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாயாம். அவள் பூசணி அப்பம் சுட்டு ஜன்னலில் ஆற வைத்துவிட்டு, உன் வண்டிக்காக ரோட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தாளாம். நீ வரவில்லை. நீதிபதி வீட்டு விருந்தில் இருந்தாய். அடுத்த வருஷம் நீதிபதியின் மகளைக் கட்டினாய். லவினியா நல்லவள், அவளைக் குறை சொல்லவில்லை, அவள் ஆத்மா அமைதியாக இருக்கட்டும்.

அந்த அப்பம் என்னவாயிற்று என்று உனக்குத் தெரியாது. நான்தான் தின்றேன். சாயங்காலம் அந்தப் பக்கம் போனேன். அவள் தட்டோடு எடுத்து என் கையில் கொடுத்தாள், முழுசாக. ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. அதற்கு மறுவருஷ நன்றி நாளில் அவள் ஃபாரோவைக் கட்டினாள். நானும் அப்புறம் ஒருத்தியைக் கட்டினேன், சந்தோஷமாகத்தான் இருந்தேன். ஆனால் அப்பத்தைத் தின்ற நாளை மறக்கவில்லை.

இப்போது அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு எழுத்து கூட்டவில்லை.

“ஒரு நன்றி நாளுக்கு வரேன்னு சொல்லிட்டு வராம இருந்தான். இப்போ நன்றி நாளே அவன் கையில இருக்கு. இந்த வாட்டியாவது அனுப்பி வைக்கிறானான்னு பார்க்கணும் ஓபெட். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் வேண்டாம்.”

இதுவரை நான் உன்னிடம் ஒரு தேதி கேட்கிறேன் என்று நினைத்திருந்தேன். கேட்டது அவள் என்று இப்போதுதான் புரிந்தது.

மரப்பெட்டியில் இரண்டு கம்பளியும் இறந்துபோன ஃபாரோவின் கடிகாரமும் ஏறிவிட்டன.

உன் அண்ணன்

*

வின்ஸ்லி துறை
1 அக்டோபர் 1847

தம்பிக்கு,

நீ சுகமா? நாலு வாரமாகப் பதில் இல்லை. தபால் வண்டி கவிழ்ந்ததா என்று விசாரித்தேன், கவிழவில்லையாம்.

தேர்தல் முடிவு தெரிந்தது. உனக்குப் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. உன் பெயரை நம் ஊரில் இருபத்தொன்பது பேர் எழுதிப் போட்டார்கள், அதில் ஏழு பேரை நான்தான் அக்கரை மீன்பிடியிலிருந்து இழுத்து வந்தேன். அச்சுத்தாளில் ஓடக்காரன் என்று இருக்கிறதே, நெசமா என்று ஒருத்தன் கேட்டான். “அவன் துடுப்புப் போட்டதப் பார்த்தவன் ஒருத்தனும் மறந்ததில்ல” என்றேன். பொய் இல்லை பார்.

என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. ஓடத்துக்கு இந்த மாதம் மட்டும் இரண்டு தடவை தார் பூசிவிட்டேன். ஆள் இல்லாமலே அக்கரை போய்த் திரும்புகிறேன். குதிரை என்னைப் பார்க்கும் பார்வை சரியில்லை. மலையில் மேப்பிள் இலை எல்லாம் சிவந்து கொட்டுகிறது. லீலண்ட் வந்துவிட்டான், நல்ல பையன், என்னை மாமா என்று கூப்பிட்டு அம்மாவின் பாத்திரங்களை வைக்கோலில் சுற்றுகிறான். பெட்டி முக்கால்வாசி.

ஜோத்தம், கிண்டலை விட்டுக் கேட்கிறேன். ஒரு வரி எழுது. ஆகும் என்றோ ஆகாது என்றோ. நாள் தெரியாமல் காத்திருக்கிறது, ஓடம் அறுந்து நடு ஆற்றில் சுற்றுகிற மாதிரி இருக்கிறது.

ஓபெட்

*

தலைநகர்
16 அக்டோபர் 1847

அன்புள்ள அண்ணனுக்கு,

தாமதத்துக்கு மன்னியுங்கள். காய்ச்சலாக இருந்தேன், இப்போது பரவாயில்லை. உங்கள் மூட்டு எப்படி?

சட்டசபையில் நான்கு முறை வாக்கெடுத்தார்கள். நான்காவதில் இரண்டு வாக்கு வித்தியாசத்தில் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த இருவரும் வெளியே போய்விடுவார்களோ என்று வாக்கெடுப்பு முடியும் வரை ஜன்னலருகே நின்றேன்.

நன்றி நாள் பிரகடனத்தில் நேற்று முத்திரை இட்டேன். டிசம்பர் 2. வழக்கம் வழக்கம்தான். மாற்றினால் அந்த இரண்டு பேரும் என்ன சொல்வார்கள் என்று நீங்கள் யோசிக்க வேண்டும்.

வருந்துகிறேன். அவர்களிடம் சொல்லுங்கள்.

ஜோத்தம்

*

வின்ஸ்லி துறை
21 அக்டோபர் 1847

மேதகு ஆளுநர் அவர்களுக்கு,

தங்கள் உத்தரவு கிடைத்தது. நானும் என் குடும்பத்தாரும் நலம்.

சொல்லிவிட்டேன். தலையை ஆட்டினாள். “தெரிஞ்சதுதானே” என்றாள். உள்ளே போய் உருளைக்கிழங்கு சீவினாள், தேவைக்கு மேல் சீவினாள். லீலண்ட் பெட்டிக்குக் கயிறு தேடுகிறான். என்னிடமே கேட்டான். ஓடத்துக் கயிறு கொடுத்தேன்.

இனி எழுத ஒன்றும் இல்லை.

ஓ. வின்ஸ்லி, ஓடக்காரன்

*

வின்ஸ்லி துறை
29 அக்டோபர் 1847

அடே ஜோத்தம்,

சுகமா என்று கேட்க நேரமில்லை, சுகமாகத்தான் இருப்பாய், இருக்க வேண்டும்.

புதன்கிழமை தபாலில் உன் முத்திரையோடு ஒரு உறை வந்தது. உள்ளே கடிதம் இல்லை. இரண்டு வரி கூட இல்லை. மூன்றாக மடித்த ஒரு பெரிய அச்சுத்தாள் மட்டும். மேலே கொட்டை எழுத்தில் ‘நன்றி நாள் பிரகடனம்’. நடுவில் ‘நவம்பர் 18, வியாழக்கிழமை’. அந்த இரண்டையும் வாசித்தேன், அதற்கு மேல் என் கண்ணும் வாசிக்கவில்லை, காலும் நிற்கவில்லை. அடியில் கையெழுத்து இருந்தது. யாருடையது என்று பார்ப்பேனா? தம்பி அனுப்பினால் தம்பியுடையதுதானே.

ஓடத்தில் ஒரு வண்டி வைக்கோலும் அதன் சொந்தக்காரனும் காத்திருந்தார்கள். அவர்களை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். வழியில் பார்த்தவரிடமெல்லாம் என் தம்பி நாளை மாற்றிவிட்டான் என்றேன். கொல்லனிடம் சொன்னேன், போதகரிடம் சொன்னேன், ஊமைக் கிழவி ஒருத்தியிடமும் சொன்னேன். இந்த வயதில் அந்த ஓட்டம் ஓடினால் எங்கே போய் விழுவோம்? டாம்சின் வீட்டுப் பெட்டி மேல்தான் விழுந்தேன்.

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாக வாசித்தாள். மேலிருந்து கீழே. கடைசி வரியில் விரலை வைத்து என்னைப் பார்த்தாள்.

“கிழவரே, இது உங்க தம்பி போட்டது இல்ல. அக்கரை கவர்னர் போட்டது.”

பார்த்தால் ஆமாம். அக்கரை மாநிலத்து முத்திரை. கவர்னர்கள் ஒருவருக்கொருவர் பிரகடனத்தை முன்கூட்டியே மரியாதைக்கு அனுப்பிக்கொள்வீர்களாமே, போதகர் சொன்னார். உனக்கு வந்ததை நீ எனக்கு அனுப்பியிருக்கிறாய். அக்கரையில் இன்னும் ஒருத்தருக்கும் தெரியாது.

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போகலாம் போல் இருந்தது. ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தவன் நான். டாம்சின் தாளை மடித்தாள். திரும்பப் பிரித்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். ஏப்ரன் நுனியால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். லீலண்ட் ஓடி வந்து அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று தண்ணீர் கொண்டுவந்தான்.

“அவனால முடியல. அதனால அடுத்த வீட்டுலேர்ந்து கடன் வாங்கி அனுப்பியிருக்கான்” என்றாள். “நன்றி நாள்னுதான் சொன்னேன். எந்தக் கரைன்னு சொன்னேனா? ஓடம் உங்ககிட்டதானே இருக்கு.”

பெட்டியின் கயிற்றை அவளே அவிழ்த்தாள். லீலண்ட் தனியாகத்தான் படகேறப் போகிறான். முகத்தைத் தொங்கப்போட்டான். பிறகு, கல்யாண விருந்து முடிந்துதானே திங்கட்கிழமை என்று கேட்டுச் சமாதானமானான். ஞாயிறு முதல் மூன்று வாரம் இரண்டு கரைக் கோவிலிலும் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கிறார்கள். அக்கரை போதகர் மணம் முடித்து வைப்பார்.

ஒரு சிக்கல். நான் மாப்பிள்ளை. புதுக் கோட்டுப் போட்டுக்கொண்டு மணப்பெண்ணின் பக்கத்தில் உட்கார வேண்டும். அப்படியானால் துடுப்பு யார் போடுவது? என் உதவியாள் விறகு வெட்டப் போய்விட்டான். ஆனால் என்னிடம் ஒரு அச்சுத்தாள் இருக்கிறது. இந்த மாநிலத்து மக்களைத் தன் கையால் அக்கரை சேர்த்த ஒருவரின் பெயர் அதில் போட்டிருக்கிறது. அவருக்கு எழுதிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

உன் அண்ணன்,
ஓபெட்

*

தலைநகர்
8 நவம்பர் 1847

அண்ணா,

நலம். தூக்கம்தான் சரியில்லை.

அந்தத் தாளோடு ஒரு கடிதம் எழுதினேன். நான்கு முறை எழுதினேன். நான்கையும் அடுப்பில் போட்டேன். இப்போது எழுதுவதையாவது அனுப்புகிறேன்.

பத்திரிகை, வழக்கம், இரண்டு வாக்கு என்றெல்லாம் சொன்னேன். பொய் இல்லை. ஆனால் காரணம் அது இல்லை. பிரகடனத்தில் தேதி இடத்தைக் காலியாக விட்டுச் செயலர் கொண்டு வந்தார். நவம்பர் என்று எழுதப் பேனாவை எடுத்தேன். எழுதினால் அவள் உங்கள் சமையலறையில் இருப்பாள், ஒவ்வொரு வருஷமும் நான் ஊருக்கு வரும்போது கதவைத் திறப்பாள். எழுதாவிட்டால் இல்லினாய்க்குப் போய்விடுவாள், யாரும் கதவைத் திறக்க வேண்டாம். டிசம்பர் என்று எழுதினேன். அண்ணன் பெண் கேட்கிறான், தம்பி ஊரை விட்டே அனுப்பப் பார்க்கிறான். லவினியா போன பிறகு இரண்டு முறை டாம்சினுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்பதும் உங்களுக்குத் தெரியாது.

நான்கு நாள் கழித்து அக்கரை கவர்னரின் தாள் வந்தது. பதினெட்டு என்று அவர் எவ்வளவு சுலபமாகப் போட்டிருந்தார். அதை மடித்து உறையில் வைத்தேன். என்னால் ஆனது அவ்வளவுதான்.

கல்யாணத்துக்கு வர மாட்டேன். அங்கே எனக்கு என்ன வேலை? இந்தக் கடிதத்தை அவளிடம் காட்ட வேண்டாம்.

ஜோத்தம்

*

வின்ஸ்லி துறை
11 நவம்பர் 1847

ஜோத்தம்,

காட்ட வேண்டாம் என்று எழுதியிருந்தாய். உன் அண்ணனுக்குக் கையெழுத்து வாசிக்க வராது, அச்சு மட்டும்தான்; எழுதுவதும் அச்சைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகத்தான். எப்போதும் உன் கடிதங்களை அவருக்கு வாசித்துச் சொல்வது நான்தான். ஜூன் மாதத்திலிருந்து. லைலாக்கை நீ விசாரித்ததையும் நானேதான் வாசித்தேன். அவர் சொல்லியிருக்க மாட்டார்.

உனக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டாய். துடுப்பு போடுகிற வேலை.

வியாழன் காலை பத்து மணிக்கு ஓடம் கிளம்பும். பூசணி அப்பம் மத்தியானம் இரண்டு மணிக்கு ஆறும். இந்த முறை ஓபெட்டிடம் முதலில் கொடுக்க மாட்டேன்.

லைலாக் இருக்கிறது.

டாம்சின்

*

வின்ஸ்லி துறை
21 நவம்பர் 1847

தம்பிக்கு, உன் அண்ணனும் அண்ணியும்.

நாங்கள் சுகம். நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா? இந்தத் தடவை நான் சொல்ல டாம்சின் எழுதுகிறாள். வாசிக்க வராததை மறைத்தேன் என்று நீ கோபப்படக் கூடாது. வாசிக்க வருகிறவள் கிடைக்கும்போது நான் எதற்குக் கஷ்டப்பட வேண்டும்? கடிதத்தைக் கொண்டுபோகும் சாக்கில் எத்தனை தடவை அவள் வீட்டில் ஆப்பிள் கள் குடித்திருப்பேன்.

வியாழன் காலை கழுத்துத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு ஒருவன் கரையில் நின்றபோது ஆட்டு வியாபாரி என்றுதான் நினைத்தேன். துடுப்பைத் தலைகீழாகப் பிடித்தாய் பார், அப்போது தெரிந்தது என் தம்பி என்று. கரையோரம் பனிக்கட்டி கட்டியிருந்ததால் ஓடம் இழுத்தது என்று நீ சொன்னாய். இல்லை. நீ ஒரு பக்கமே போட்டாய். அதனால்தான் இரண்டு தடவை வட்டம் அடித்தோம். போதகர் மனைவி அக்கரையிலிருந்து பார்த்துவிட்டு, மணமக்களை ஆற்றில் ஊர்வலமாகச் சுற்றவைப்பது இந்தக் கரை வழக்கமா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அடுத்த வருஷம் எல்லாரும் சுற்றப்போகிறார்கள்.

வாந்தி எடுக்கவில்லை. அதை ஒத்துக்கொள்கிறேன். முகம் மட்டும் வெள்ளரிக்காய் நிறத்தில் இருந்தது.

நடு ஆற்றில் துடுப்பை நிறுத்திவிட்டு நீ சொன்னதை நான் யாரிடமும் சொல்லவில்லை. “மாநில எல்லை இதோட முடியுது அண்ணே. இதுக்கு மேல நான் யாரும் இல்ல” என்றாய். இவள்தான் சொன்னாள்.

“அப்போ இன்னும் கொஞ்சம் வேகமா போடு. அப்பம் ஆறிடும்.”

அப்புறம் நீ நேராகப் போட்டாய்.

அப்பத்தில் முதல் துண்டை உன் தட்டில் வைத்தபோது நீ ரொம்ப நேரம் முள்கரண்டியை எடுக்கவில்லை. எனக்குப் பசி. நீ எடுத்தால்தானே நான் எடுக்க முடியும். முப்பத்து நாலு வருஷம் தள்ளி வந்தவனுக்கு இன்னும் ஒரு நிமிஷம் கொடுக்கலாம் என்று பொறுத்துக்கொண்டேன். ருசி எப்படி என்று கேட்டதற்கு நல்லா இருக்கு என்று மட்டும் சொன்னாய். முன்பு நான் தின்றது இதைவிட நன்றாக இருந்தது. சொல்லிவிட்டேன். (இதை எழுத மாட்டேன் என்றாள். எழுத வைத்தேன்.)

நாளை லீலண்ட் படகேறுகிறான். காலிப் பெட்டியை அவனிடமே கொடுத்துவிட்டோம், கயிறு மட்டும் எனக்கு.

டிசம்பர் 2 உன் நன்றி நாள். எல்லாரும் அவரவர் வீட்டுக்குப் போய்க் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று பிரகடனத்தில் நீயே போட்டிருக்கிறாய், போதகர் மேடையிலிருந்து வாசித்தார். கவர்னர் சொல்லைக் கவர்னரே மீறினால் அந்தப் பத்திரிகைக்காரன் சும்மா விட மாட்டான். வா. இவள் கதவைத் திறப்பாள். முதல் தடவைதான் கஷ்டம்.

உள்ளங்கைக் கொப்புளத்துக்கு ஆட்டுக் கொழுப்புத் தடவு. உடைக்காதே. கையெழுத்துப் போட முடியாவிட்டால் உன் செயலரைப் போடச் சொல். ஏன் கொப்புளம் என்று அவர் கேட்டால் அந்த அச்சுத்தாளை எடுத்துக் காட்டு. அந்த ஒரு வரி இப்போது உண்மை.

ஓபெட்
(என் பெயரை மட்டும் நானே எழுதினேன்)